மூன்றாவது கட்டம்

திங்கட்கிழமை, காலை ஏழு மணி.
கோப்பைகளில் பெயர் ஒட்டுவது என் வேலை.
நாற்பத்திரண்டு கோப்பை, நாற்பத்திரண்டு பெயர்.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
பாய்லர்காரனும் எடைமேடைக் குமாஸ்தாவும்
ஒரே வரிசையில் நிற்பது இன்றைக்கு மட்டும்தான்.

கழிவறைக் கதவு திறந்தே இருக்கவேண்டும்
என்பது விதி.
காவலுக்கு நிற்கும் நேப்பாளி தாப்பா
முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
அது விதியில் இல்லை.

பூபாலன் த/பெ சன்னாசி.
பாய்லர், இரவு ஷிப்ட், பத்தொன்பது வருடம்.
ஒரு கையில் கோப்பை,
மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள்
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு.
மடித்து மடித்து
டாக்டரின் கையெழுத்து நடுவில் பிய்ந்திருந்தது.
"வேலை முடிஞ்சு படுக்கறப்ப ஒண்ணுக்கா.
வேலைக்கு வர்றப்ப தொடமாட்டேன்."
நான் ஒன்றும் கேட்கவில்லை.

முதுகு எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.
அந்த விபத்து அறிக்கையைத் தட்டியதும் நான்தான்,
மூன்று நகல்.
சாம்பல் வண்டி சாய்ந்தது என்று எழுதினோம்.
சக்கரம் நாலு மாதமாக ஆடிக்கொண்டிருந்ததை
யாரும் எழுதச் சொல்லவில்லை.

பட்டையில் இரண்டு கோடு வந்தால் சுத்தம்.
ஒரு கோடு வந்தால் விசாரணை.
கல்யாணமான புதிதில் நான் பார்த்த பட்டைக்கு
வேறு கணக்கு.
பூபாலனுக்கு ஒன்றுதான் வந்தது.

பாரத்தில் இரண்டு கட்டம்: உண்டு, இல்லை.
எதற்கு, எப்போது, யார் கொடுத்தது
என்று எழுத ஒரு விரற்கடை இடமில்லை.
"கோலாலம்பூர் பாரம், நம்ம கையில் இல்ல"
என்றார் என்சிக் ரஸ்லான்.
கெட்டவரில்லை. தீபாவளிக்கு முறுக்குக் கேட்டு வாங்குவார்.

என் தம்பி பிழைக்கப்போன குளிர்நாட்டில்
கஞ்சாவைக் கடையில் விற்று ரசீதும் தருகிறார்களாம்.
ஞாயிற்றுக்கிழமை புகைத்தவனைத்
திங்கட்கிழமை முதலாளி
வேலையைவிட்டுத் தூக்கமுடியாதாம்.
மிஷின் முன்னால் தள்ளாடினால்தான் கேள்வியாம்.
வீடியோ காலில் சிரித்துக்கொண்டே சொன்னான்.
நான் அவசரமாக ஒலியைக் குறைத்தேன்.
இங்கே அந்த இலைக்குத் தூக்குக்கயிறுதான் ஞாபகம் வரும்,
எங்கள் வீட்டுக்கோ பலகைச் சுவர்.

போனை வைத்த பிறகும் தூக்கம் வரவில்லை.
பதினொரு வருடமாகச் சம்பளம் போடுகிறேன்.
கார்டில் விழுவது எட்டு மணி நேரம்.
மீதிப் பதினாறுக்கு
யாருக்கும் ஒரு காசு போட்டதில்லை.
காசு கொடுக்காத பொருளைக்
கோப்பையில் பிடித்துத் தரச்சொல்கிறோம்.

மறுநாள் அடிக்கோலை எடுத்தேன்.
நீல பால்பாயிண்ட்.
இரண்டு கட்டத்துக்குக் கீழே மூன்றாவது.
'மருத்துவச் சீட்டு பார்த்தேன். வேலை நேரத்தில் உட்கொள்வதில்லை என்கிறார்.'
தேதி, என் கையெழுத்து.
கோணலாகத்தான் வந்தது, கை நடுங்கியது.
பிள்ளைக்குக் கார் கடன், எனக்கு இன்னும் ஆறு வருட வேலை.

என்சிக் ரஸ்லான் வெகுநேரம் பார்த்தார்.
வெள்ளை மை பூசவில்லை.
கையெழுத்துப் போட்டு
"இந்த ஒரு தடவைதான்" என்றார்.
வேலை நீக்கம் என்று தட்டச் சொன்ன கடிதத்தை
எச்சரிக்கை என்று மாற்றித் தட்டினேன்.

ஜெயித்ததாக நினைத்தேன்.
அன்று கோப்பி ஓவில் சீனி கூடப் போட்டுக் குடித்தேன்.

அடுத்த மாதம் பூபாலன் உறை கொண்டுவரவில்லை.
பட்டையில் இரண்டு கோடு.
"நிறுத்திட்டேன்கா. எதுக்கு வம்பு."
இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

என் ஜன்னலிலிருந்து பாய்லர் ஏணி தெரியும்.
பதினான்கு படி.
அவன் ஐந்தில் நிற்கிறான்,
கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்கிறான்,
ஏழில் நிற்கிறான்.
கீழே நிற்கும் இந்தோனேசியப் பையன்
மேலே பார்க்காமல் இருக்கப்
படாத பாடு படுகிறான்.